மீயொலியும் ஒளிரும் சாயமும்: திசுவின் ஆழத்தில் உள்ள கட்டியை இவை சேர்ந்து அடையாளம் காட்டுமா?

மாலைவிளக்கு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு மார்பில் ஒரு சிறு கட்டி தட்டுப்பட்டது. அல்ட்ராசவுண்டு, அதாவது மீயொலிப் படம், எடுத்துப் பார்த்தோம். அறிக்கையில் ‘நான்காம் வகை’ என்று எழுதியிருந்தது. அதன் பொருளைத் தேடிப் படித்தபோது, அந்த வகையில் வரும் கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல், 95 சதவீதத்துக்குக் கீழ் என்று இருந்தது. இவ்வளவு அகலமான ஒரு விடையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எப்படித் தூங்கும்? ஊசி வழியாகத் திசு எடுத்திருக்கிறார்கள். முடிவுக்காகக் காத்திருக்கிறோம்.

காத்திருக்கும் இந்த நாள்களில்தான், மீயொலியைக் குவிக்கும் இடத்தில் மட்டும் ஒளிரும் சேர்மங்களைக் கொண்டு கட்டிகளைக் கண்டறியும் ஆய்வு நடப்பதாகப் படித்தேன். இரண்டு செய்திகள் எனக்கு விளங்கவில்லை. ஒளிரும் சேர்மமே கட்டியில் போய்ச் சேர்ந்துவிடும் என்றால், அதை ஒரு நல்ல கேமராவால் பார்த்துவிடலாமே, மீயொலி எதற்கு? இந்த முறை இன்று மனிதர்களுக்குப் பயன்படும் நிலையில் இருக்கிறதா? துறை அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நுண்ணலை

சகோதரிக்கு வணக்கம். நான் ஒளியும் மீயொலியும் சேர்ந்த படமெடுப்பு ஆய்வில் சில ஆண்டுகள் வேலை செய்தவன். இரண்டாம் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், வீணான நம்பிக்கை வளரக் கூடாது: தாங்கள் குறிப்பிடும் முறை இன்னும் ஆய்வகத்திலும் சிறு விலங்குகளிலும்தான் இருக்கிறது. தங்கள் அக்காவுக்கு இப்போது உதவக்கூடியது, எடுத்துவிட்ட அந்தத் திசுப் பரிசோதனைதான்.

முதல் கேள்வி மிக நல்ல கேள்வி. இருட்டறையில் ஒரு டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். கை முழுவதும் சிவப்பாக ஒளிரும். ஒளி மறுபுறம் வந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் உள்ளே இருக்கும் எலும்பின் விளிம்பு தெரியாது. பச்சையையும் நீலத்தையும் இரத்தத்தின் ஹீமோகுளோபின் உட்கவர்ந்துகொள்கிறது, சிவப்பு மட்டும் தப்பி வருகிறது. அந்தச் சிவப்பும் நேர்க்கோட்டில் வருவதில்லை. திசுவுக்குள் ஒளி ஏறத்தாழ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம் சென்றவுடன் எதன்மீதாவது மோதித் திசை விலகுகிறது. ஒரு மில்லிமீட்டர் அளவு சென்றபின் அது முதலில் எந்தத் திசையில் கிளம்பியது என்ற தடயமே அழிந்துவிடுகிறது. ஆகவே மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் ஓர் ஒளிரும் புள்ளி இருந்தால், தோலின் மேல் அது சில சென்டிமீட்டர் அகலமுள்ள மங்கலான ஒளித்திட்டாகத்தான் தெரியும். உள்ளே ஏதோ ஒளிர்கிறது என்று சொல்லலாம். எங்கே, எத்தனை, எவ்வளவு பெரியது என்று சொல்ல முடியாது.

மீயொலி இதற்கு நேர்மாறானது. திசுவில் அதன் சிதறல் ஒளியின் சிதறலைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு குறைவு. மென்திசுவில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் செல்கிறது என்று கொண்டால், 1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஒன்றரை மில்லிமீட்டர், 5 மெகாஹெர்ட்ஸில் 0.3 மில்லிமீட்டர். சில சென்டிமீட்டர் ஆழத்திலும் மீயொலியை ஒரு சிறு புள்ளியில் குவிக்க முடியும். ஆனால் மீயொலிப் படம் சொல்வது திசுவின் இயந்திரப் பண்பை மட்டுமே: எங்கே எதிரொலி எழுகிறது, எங்கே எழவில்லை. அந்த உயிரணுக்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. அறிக்கையில் தாங்கள் கண்ட அந்த அகலமான எண்ணுக்குக் காரணம் இதுதான்.

இரண்டையும் இணைக்கும் முறைகளில் ஒன்று, மீயொலியால் ஒளிர்வைத் தூண்டுவது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் பாவோஹொங் யுவான் குழுவினர் இதில் தொடர்ந்து உழைத்து வருகிறார்கள். இண்டோசயனின் கிரீன் என்னும் சாயத்தை, வெப்பத்துக்கேற்ப மாறும் ஒரு பாலிமரால் ஆன நானோ உறைக்குள் வைக்கிறார்கள். சாதாரண வெப்பநிலையில் பாலிமர் நீரை உறிஞ்சி விரிந்திருக்கும், நீர் சூழ்ந்த சாயம் மங்கிக் கிடக்கும். மீயொலியைக் குவித்து அந்த இடத்தைச் சில டிகிரி சூடேற்றினால், பாலிமர் சட்டென்று சுருங்கி நீரை வெளியே தள்ளும். நீரற்ற சூழலில் சாயம் நன்றாக ஒளிரத் தொடங்கும். அந்த ஒளியும் சிதறித்தான் வெளியே வருகிறது. ஆனால் இப்போது அது எங்கிருந்து வந்தது என்று நமக்கு முன்பே தெரியும், ஏனெனில் குவிப்பை அங்கே வைத்தவர்கள் நாம். குவிப்பைப் புள்ளி புள்ளியாக நகர்த்திக்கொண்டே போனால் படம் உருவாகிவிடும்.

திசைகாட்டி

நுண்ணலை ஐயா, விளக்கத்துக்கு நன்றி. ஓர் ஐயம் எழுகிறது. இவ்வகை ஆய்வில் பெரிதும் பேசப்படும் பாலிமர் பாலி என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு. அது சுருங்கும் வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸ். நம் உடலோ 37 டிகிரி. அப்படியானால் இரத்தத்தில் செலுத்திய உடனேயே எல்லா உறைகளும் சுருங்கி, உடல் முழுவதும் ஒளிரத் தொடங்கிவிடாதா? மேலும், புற்று இருக்கலாம் என்று ஐயப்படும் இடத்தைச் சூடேற்றுவது பாதுகாப்பானதா?

நுண்ணலை

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அந்தப் பாலிமரை அப்படியே பயன்படுத்த முடியாது. அதனுடன் அக்ரிலமைடு போன்ற நீர்நாட்டம் மிகுந்த மூலக்கூறுகளைக் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்த்துப் பின்னினால், சுருங்கும் வெப்பநிலை உயர்ந்து உடல் வெப்பத்தைத் தாண்டும். விகிதத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் இந்த வெப்பநிலை வாசல் கீழே விழுந்துவிடும், அப்போது நீங்கள் சொன்னதுதான் நடக்கும். வாசலை மிக உயரத்தில் வைத்தாலோ, சாயத்தை எழுப்பவே திசுவை மிகையாகச் சூடேற்ற வேண்டிவரும். காய்ச்சல் உள்ள ஒருவருக்கு இதே உறை எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் ஒருநாள் கணக்கில் எடுக்க வேண்டும்.

சூட்டின் ஆபத்தை வெப்பநிலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் என்பதும் சேர வேண்டும். வெப்பத்தால் திசுவுக்கு நேரும் பாதிப்பை அளக்கும் துறையினர், எதையும் ‘43 டிகிரியில் இத்தனை நிமிடங்களுக்குச் சமம்’ என்று மாற்றித்தான் ஒப்பிடுகிறார்கள். சில நொடிகளுக்கு மூன்று நான்கு டிகிரி உயர்த்துவது அந்த அளவையில் மிகச் சிறியது. ஆயினும், ஒரு புள்ளியைச் சூடேற்றி, அது ஆறும்வரை காத்திருந்து, பின் அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். நேரம் அங்கேதான் கரைகிறது. சூடு தங்கிய இடத்திலேயே நிற்பதுமில்லை. ஒரு நொடிக்குள் அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் பரவிவிடும். அதனால் வேகமாகச் சூடேற்றி, வேகமாக அளந்துவிட வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பம் உண்டு. மீயொலிக் குவிப்பில் நடுப்பகுதி மிகச் சூடாகவும் ஓரங்கள் குறைவாகவும் இருக்கும். சாயம் படிப்படியாக ஒளிர்வதில்லை, வாசலைத் தாண்டினால்தான் எழும். எனவே குவிப்பின் நடுமுனை மட்டும் வாசலைத் தாண்டும்படி ஆற்றலை அமைத்தால், ஒளிரும் புள்ளி மீயொலிக் குவிப்பைவிடச் சிறியதாகிவிடும். ஒலியின் அலைநீளம் விதிக்கும் வரம்பைக் கொஞ்சம் மீற இது வழி தருகிறது.

நடைமுறைச் சிக்கல் ஒன்றையும் சொல்கிறேன். நான் முதன்முதலாக இத்தகைய சோதனையை அமைத்தபோது, ஒளியைச் சிதறடிக்கும் கொழுப்புக் கரைசல் கலந்த அகார் கூழுக்குள் ஒரு மெல்லிய சிலிக்கோன் குழாயைப் புதைத்து, அதில் சாயத்தை நிரப்பினோம். இரண்டு நாள் எந்தக் குறிகையும் (சிக்னலும்) வரவில்லை. சாயம் கெட்டுவிட்டது என்றே எண்ணினோம். மூன்றாம் நாள் பக்கவாட்டிலிருந்து ஒரு கைவிளக்கைச் சாய்த்துப் பார்த்தபோதுதான், மீயொலி ப்ரோபின் முகத்தில் கடுகளவுக் காற்றுக்குமிழிகள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. மீயொலி காற்றைக் கடப்பதில்லை, முழுவதும் திரும்பிவிடுகிறது. நீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, கரைந்திருந்த காற்றை நீக்கியபின் குழாய் இருந்த இடத்தில் குறிகை எழுந்தது. நுரையீரல் போன்ற காற்று நிறைந்த உறுப்பில் இம்முறை ஏன் எளிதில் செல்லாது என்பதை அன்று உணர்ந்தேன்.

தகடுநோக்கி

நான் நோய்க்குறியியல் மருத்துவர். நாள்தோறும் நுண்ணோக்கியில் திசுத் தகடுகளைப் பார்ப்பவள். இயற்பியல் விளக்கம் அருமை. ஆனால் இந்த இழையில் யாரும் இன்னும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: ஒளிர்கிறது என்றால் அது எதை நிரூபிக்கிறது?

இண்டோசயனின் கிரீன் புற்றை அறியாது. 1959-லிருந்து அமெரிக்காவில் மருத்துவப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்றுள்ள பழைய, நம்பகமான சாயம் அது. இரத்தத்தில் கலந்தவுடன் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு, சில நிமிடங்களிலேயே கல்லீரல் வழியாக வெளியேறத் தொடங்கும். கட்டிகளின் இரத்தக் குழாய்கள் ஒழுக்கு மிகுந்தவை என்பதால் நானோ உறைகள் அங்கே கசிந்து தங்கும் என்பது இத்துறையின் பழைய நம்பிக்கை. ஆனால் அழற்சியுள்ள இடத்திலும் குழாய்கள் ஒழுகும். ஆறிவரும் புண்ணிலும் ஒழுகும். தங்கும் அளவும் மிகக் குறைவு. பல ஆண்டுகளின் விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வில், செலுத்திய நானோ துகள்களில் கட்டியை எட்டியது இடைநிலை அளவில் 0.7 சதவீதம் மட்டுமே. மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

ஆகவே என் கருத்தில், இந்த முயற்சியின் கடினமான பகுதி மீயொலியும் அன்று, கேமராவும் அன்று. சாயத்தைச் சரியான உயிரணுவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதுதான். மாலைவிளக்கு அவர்களே, காத்திருப்பின் வேதனை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் உயிரணுக்களின் வடிவத்தையும் அவை பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவியிருக்கின்றனவா என்பதையும் நேரில் பார்ப்பதற்கு ஈடான எதையும் எந்த ஒளிர்வும் இன்னும் தரவில்லை.

நீலவெளிச்சம்

தகடுநோக்கி அம்மாவின் கேள்விக்கு அறுவை அரங்கிலிருந்து ஒரு விடை சொல்ல விரும்புகிறேன். நான் மூளை அறுவை சிகிச்சைக் குழுவில் பணியாற்றுகிறேன். எங்களிடம் 5-அமினோலெவுலினிக் அமிலம் இருக்கிறது. நோயாளி அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு அதைக் கரைசலாகக் குடிக்கிறார். அது தானே ஒளிர்வதில்லை. கிளியோமா என்னும் மூளைக் கட்டியின் வீரியமிக்க வகையில் உள்ள உயிரணுக்கள் அதைப் புரோட்டோபோர்ஃபிரின் என்னும் பொருளாக மாற்றித் தம்முள் சேர்த்துக்கொள்கின்றன. அரங்கின் விளக்குகளைக் குறைத்து, நுண்ணோக்கியை நீல ஒளிக்கு மாற்றினால், மூளைத் திசு கருநீலமாகத் தெரிய, கட்டி செந்தணலைப் போல ஒளிரும். விளிம்பை நோக்கிப் போகப் போக அந்தச் சிவப்பு வெளிறி இளஞ்சிவப்பாகி, ஓரிடத்தில் கண்ணுக்கு எட்டாமல் போகும். அங்கே நிறுத்துவதா, தொடர்வதா என்பதுதான் அந்த நாளின் மிகக் கனத்த முடிவாக இருக்கும்.

பயன் உறுதிப்பட்டிருக்கிறது. 2006-இல் வெளிவந்த ஜெர்மானியச் சோதனையில், ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுவதும் அகற்றப்பட்டவர்கள் இந்த ஒளியின் துணையோடு 65 சதவீதம், சாதாரண ஒளியில் 36 சதவீதம். ஆறு மாதத்தில் நோய் முன்னேறாதிருந்தவர்கள் 41 சதவீதம், மற்றொரு குழுவில் 21 சதவீதம். அமெரிக்கா 2017-இல் ஒப்புதல் தந்தது.

ஆனால் இதில் ஒரு பெரிய குறை உண்டு. மேல்பரப்பு மட்டுமே தெரியும். கட்டியின் மீது ஒரு மெல்லிய இரத்தப் படலம் படிந்தாலே சிவப்பு மறைந்துவிடும். ஆரோக்கியமான திசுவின் மெல்லிய மடிப்புக்குக் கீழே எஞ்சியிருக்கும் கட்டி கண்ணில் படாது. அந்த வேளையில் குழியை உப்புநீரால் நிரப்பி, மீயொலி ப்ரோபை வைத்துப் பார்க்கிறோம். படம் வருகிறது, ஆனால் அறுவையால் வீங்கிய திசுவும் எஞ்சிய கட்டியும் அதில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரிகின்றன. ஒரு கையில் ஆழம் தெரியாத அடையாளம், மறு கையில் அடையாளம் தெரியாத ஆழம். நுண்ணலை ஐயா சொல்லும் முறை மெதுவானதாக இருந்தாலும், அந்தக் குழியின் சுவரில் ஐந்து மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் நம்பத்தக்க விடை சொன்னால் போதும், நான் அதற்காகக் காத்திருக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

எதிரொலி

இழை முழுவதையும் படித்தேன். மறுப்பு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். ஒளியையும் மீயொலியையும் சேர்ப்பதற்கு இதைவிட முன்னேறிய வழி இருக்கிறது, ஒளியொலி முறை. ஒளித்துடிப்பைச் செலுத்தினால், அதை உட்கவரும் பகுதி நுண்ணளவில் சூடாகி விரிந்து ஒலியை எழுப்பும். கிரகாம் பெல் 1880-இலேயே இவ்விளைவைக் கண்டார். ஒளி உள்ளே போகிறது, மீயொலி வெளியே வருகிறது. வெளியே வருவது ஒலி என்பதால் சிதறல் பெரிய தடையாக இல்லை. சாயமே தேவையில்லை, இரத்தத்தின் ஹீமோகுளோபினே போதும், அதில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்றும் சொல்லலாம். மார்பகக் கட்டிகளைப் பார்க்க இவ்வகைக் கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் 2021-இல் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. அப்படியிருக்க, புதிய உறை, புதிய பாலிமர், புதிய நச்சுத்தன்மைச் சோதனை என்று நீண்ட வழியில் ஏன் போக வேண்டும்?

ஒளியும் மீயொலியும் சந்திக்கும் இயற்பியலுக்கு இன்னொரு வேரும் உண்டு. மீயொலி செல்லும் நீர்மம் ஒளியை எப்படி விலகச் செய்கிறது என்பதை சி. வி. ராமனும் நாகேந்திர நாத்தும் 1935-லிருந்து எழுதிய கட்டுரைகளில் விளக்கினார்கள். மீயொலிக் குவிப்பைக் கடக்கும் ஒளியின் அதிர்வெண் சற்றே மாறுவதை வைத்துத் திசுவுக்குள் அந்த ஒளியை அடையாளம் காணும் முறையும் இன்று இருக்கிறது.

நுண்ணலை

ஒளியொலி முறை முன்னால் இருக்கிறது என்பதை முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அதிர்வெண் மாற்றத்தை அளக்கும் முறையைப் பற்றி ஒன்று: அந்த மாற்றம் ஒளியின் அதிர்வெண்ணில் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். உயிருள்ள உடலில் மூச்சும் இரத்த ஓட்டமும் எல்லாவற்றையும் அசைத்துக்கொண்டே இருக்க, அதைப் பிரித்தெடுப்பது கடும் உழைப்பு.

ஆனால் ஒளியொலி முறையின் வலிமையே அதன் தடையும் ஆகிறது. ஹீமோகுளோபின் எங்கும் இருக்கிறது. எனவே ஓர் இடத்தில் சிறிதளவே சேர்ந்திருக்கும் சாயத்தின் குரல் இரத்தத்தின் பெருங்குரலில் அமிழ்ந்துவிடுகிறது. ஒளிர்வு முறையில், 800 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைச் செலுத்தி அதைவிட நீண்ட அலைநீளத்தில் வருவதை மட்டும் வடிகட்டிப் பார்க்கிறோம். அந்த வட்டாரத்தில் திசுவின் சொந்த ஒளிர்வு குறைவு. மீயொலிக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைக் கழித்தால், மாறாத பின்னணி பெரும்பாலும் நீங்கிவிடும். தகடுநோக்கி அம்மா சொன்ன 0.7 சதவீதம்தான் எனக்கு இதில் வலுவான வாதமாகப் படுகிறது: போய்ச் சேர்வது அவ்வளவு குறைவாக இருக்கும்போது, குறைவானதைக் கேட்கும் காது வேண்டும்.

இருப்பினும் எலியின் உடல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமன்தான் என்பதை மறக்கக் கூடாது. எலியில் ‘முழு ஆழத்தையும் படமெடுத்தோம்’ என்று எழுதும் கட்டுரை மனித மார்பகத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மாலைவிளக்கு

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை முடிவு வந்தது. ஊடுருவும் வகைப் புற்று என்றே சொல்லியிருக்கிறார்கள். சிறியது, 14 மில்லிமீட்டர். மார்பை முழுவதும் நீக்காமல் கட்டியை மட்டும் அகற்றலாம் என்று மருத்துவர் கூறுகிறார். அக்கா என்னைவிட அமைதியாக இருக்கிறார். நீலவெளிச்சம் அவர்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ‘எனக்கும் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியுமா என்று கேள்’ என்றார். அதனால் கேட்கிறேன்.

தகடுநோக்கி

மாலைவிளக்கு அவர்களே, செய்தி வருத்தம் தருகிறது. ஆனால் 14 மில்லிமீட்டரில் கண்டுபிடித்தது உண்மையாகவே நல்லது. தங்கள் அக்கா கேட்டது மிகச் சரியான கேள்வி. கட்டியை மட்டும் அகற்றும் அறுவையில், பல ஆய்வுகளின்படி ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு விளிம்பில் புற்று எஞ்சியிருந்ததால் மீண்டும் அறுவை தேவைப்பட்டிருக்கிறது.

இந்த வகை அறுவையில் ஒளிரும் சேர்மம் மருத்துவமனைக்குள் வந்துவிட்டது. பெகுலிசியனைன் என்பதற்கு அமெரிக்காவில் 2024 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. புற்றிலும் அதைச் சுற்றியும் மிகுந்திருக்கும் சில நொதிகள் வெட்டினால்தான் அது ஒளிரும். கட்டியை எடுத்தபின் குழியின் சுவரைக் கையடக்கக் கருவியால் பார்க்கிறார்கள். சிலருக்குக் கடும் ஒவ்வாமை நேர்ந்ததால் எச்சரிக்கையோடுதான் அது தரப்படுகிறது, எல்லா இடங்களிலும் கிடைப்பதும் இல்லை. ஆகவே அது இல்லையே என்று தாங்கள் கலங்க வேண்டாம்.

மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: வெட்டி எடுத்த துண்டை அரங்கிலேயே மீயொலியாலோ எக்ஸ்ரேயாலோ பார்ப்பீர்களா? பல குழுவினர் பார்க்கிறார்கள், கட்டி துண்டின் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறதா என்று உடனே தெரியும். அதன்பின் அந்தத் துண்டு எங்களைப் போன்றவர்களிடம் வரும். எது மேல், எது பக்கம் என்று அறுவையாளர் நூலால் குறியிட்டு அனுப்புவார். நாங்கள் அதன் ஆறு முகங்களுக்கும் வெவ்வேறு நிற மை பூசி, உலரவிட்டு, மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்போம். ஊடுருவும் புற்றுக்கு இன்றைய அளவுகோல், மை பட்ட விளிம்பில் ஒரு புற்றணுவும் இருக்கக் கூடாது என்பதுதான். அறிக்கை வந்தவுடன் ‘விளிம்பு’ என்று தொடங்கும் வரியைத் தேடிப் படியுங்கள். எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் என்று அங்கே எழுதியிருக்கும். புரியாவிட்டால் இங்கே கேளுங்கள், நான் விளக்குகிறேன்.

மாலைவிளக்கு

அம்மா, இந்தக் கேள்வியைத் தாளில் எழுதி அக்காவின் கோப்பில் வைத்துவிட்டேன். நூலால் குறியிடுவதையும் மை பூசுவதையும் சொன்னபோது, ‘அப்படியானால் என் கட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறார்’ என்றார். அறிக்கை வந்ததும் எழுதுகிறேன்.